காசியாத்தி அக்காவின் மூன்று நாள் சாந்தம்

எங்கள் ஊரில் யாரும் யாரையும் பார்த்து ‘முடியாது’ என்று சொல்வதில்லை. ஜாவாவில் எங்கள் ஙாவி நகரைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இதே கதைதான். பிடிக்காத சாப்பாட்டை வைத்தாலும் ‘சரிங்க’, தெரியாத வழியைக் கேட்டாலும் ‘சரிங்க’. அந்தச் ‘சரிங்க’வுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கேட்டவர்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றால் அது அவர் பாடு.

காசியாத்தி அக்காவுக்கு மட்டும் இந்த வித்தை வரவே இல்லை. சந்தையில் பெச்சல் விற்கிறவர் அவர். வேகவைத்த கீரையையும் காராமணியையும் இலையில் பரப்பி, மேலே வேர்க்கடலைச் சாந்தை ஊற்றித் தருவார். காரம் கொஞ்சம் தூக்கல் என்று யாராவது முனகினால், “அப்ப பக்கத்துக் கடைக்குப் போங்க, இங்க இப்படித்தான்” என்பார். ஒரு சுதந்திர தின விழாவில் கிராமத் தலைவர் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் இருந்து எழுந்து, “தலைவரே, வெயில் ஏறுது, முடிங்க” என்றவர். அன்று ஊரே தலையைக் குனிந்துகொண்டது. உள்ளுக்குள் அத்தனை பேருக்கும் சந்தோஷம். சின்னக் குழந்தை மரியாதை தெரியாமல் நடந்துகொண்டால் ‘இது இன்னும் ஜாவா ஆகல’ என்று சொல்வோம். ஜாவாவில் பிறந்தால் மட்டும் போதாது, நாசூக்கு படிய வேண்டும். பேரன் பேத்தி எடுக்கும் வயதை நெருங்கியும் காசியாத்தி அக்காவைப் பற்றி ஊர் அதையே சொன்னது, அவர் காதில் விழாத தூரத்தில் நின்று.

ஆனால் நோன்பு மாதத்துக்கு முன்னால் வருஷாந்திரச் சுற்றுலா வந்துவிட்டால் அதே ஊர் அவர் வாசலில் போய் நிற்கும். தெமாக் பள்ளிவாசல், குதுஸ் செங்கல் கோபுரம், மூரியா மலைமேல் இருக்கிற இறைநேசப் பெரியவரின் சமாதி என்று மூன்று நாள் போய்வருவோம். கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, பழைய ராஜாக்கள் காலத்தைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. எங்கே நிறுத்தலாம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் ‘உங்க இஷ்டம்’ என்று சொல்கிற ஐம்பது பேரை ஒரு பேருந்தில் ஏற்றினால் அது வாசலை விட்டே நகராது. இஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒரு தடவை விடுதிக்காரன் ஈர மெத்தையைக் கொடுத்தான். நாங்கள் ‘பரவாயில்லைங்க’ என்று அதன்மேல் உட்கார்ந்தோம். அக்கா அந்த மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் அவன் மேஜைமேல் போட்டார்.

நான் மூர்சினா. அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு, தையல்காரி. சுற்றுலாவுக்கு எல்லோருக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பது என் வேலை. அக்கா எடுத்து வருவது எப்போதும் ஆரஞ்சு நிறம், பார்த்தால் கண் கூசும். “அழகுக்கா எடுக்கறேன்? தொலஞ்சா கண்டுபிடிக்கணும்டி” என்பார்.

அந்த வருஷம் மட்டும் சாம்பல் பூத்த நீலத்தில் ஒரு துணி வந்தது. கொண்டுவந்தவள் அவர் மகள் வெனிங்.

வெனிங் பாலர் பள்ளியில் டீச்சர். அம்மாவின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருக்கும், வாய் மட்டும் அப்பாவுடையது. அப்பா தர்முஜி, கூண்டில் இருக்கிற புறாவோடு பேசுகிற அளவுக்குக்கூட மனைவியோடு பேசாத மனிதர். வெனிங்கும் சோலோ நகரத்தைச் சேர்ந்த பிராசோஜோ என்ற பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பையன் மின்வாரியத்தில் வேலை, நல்ல பிள்ளை. சிக்கல் அவன் அம்மா ரெத்னானிங்சி. அரண்மனையில் கணக்கெழுதிய பரம்பரை. அந்த வீட்டில் கரண்டிகூடச் சத்தம் போடாது என்று கேள்வி. கணவர் இல்லை. முடிவு எல்லாம் அந்த அம்மாள் கையில்.

அந்த அம்மாள் பெண் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பவில்லை. ‘மூரியாவுக்குப் போக ரொம்ப நாளா ஆசை’ என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம் தெரியாதவர் யாரும் இல்லை. பெண்ணை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. பார்க்க வேண்டியது பெண்ணின் அம்மாவை.

துணிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது என் எதிரிலேயே மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, மூணே நாளு. யாரு என்ன கேட்டாலும் சரிங்கன்னு சொல்லிட்டு சிரிச்சா போதும்.”

“நான் என்ன கல்யாண வாசல்ல வெச்ச பொம்மையா?”

“யாரையும் திட்டக் கூடாது. கத்தக் கூடாது. விடுதிக்காரனோட மல்லுக்கு நிக்கக் கூடாது.”

“ஈர மெத்தை கொடுத்தா?”

“படுத்துக்கணும்.”

அக்கா என்னைப் பார்த்தார். “கேட்டியா மூர்சி? என்னை ஈரத்துல படுக்கச் சொல்றா.”

“எனக்காகம்மா,” என்றாள் வெனிங். கண் கலங்கிவிட்டது. “அவரு இல்லேன்னா எனக்கு வேற யாரும் வேணாம். உன் வாயால இது கெட்டுப்போச்சுன்னா...”

அக்கா அளவு நாடாவைத் தன் தோளில் இருந்து உருவி என் கையில் கொடுத்தார். “சரி. மூணு நாளு நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கோ.”

கிளம்பிய அன்று காலை ரெத்னானிங்சி அம்மாள் சோலோவில் ஏறினார். ஒல்லி உடம்பு, கசங்காத பாத்திக் உடை, பறவை உட்காருவது போல முன் இருக்கையில் உட்கார்ந்தார். நாங்கள் கொடுத்த நீலச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, “ரொம்ப சாந்தமான நிறம்” என்றார். பக்கத்தில் இருந்த அக்கா “சரிங்க” என்றார். அந்தச் ‘சரிங்க’ அவர் வாயில் இருந்து வந்ததைக் கேட்டுப் பின்வரிசையில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

பேருந்துக் கம்பெனி அனுப்பிய ஓட்டுநர் புதிது, பெயர் கியோனோ. தெமாக்குக்கு வெளியே ஒரு பிரிவில் நிறுத்தி, “பள்ளிவாசலுக்கு நேராத்தானுங்களே?” என்று கேட்டார்.

எல்லோரும் “சரிங்க” என்றோம். நேராகப் போகக் கூடாது என்று அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் மனுஷன் அவ்வளவு நம்பிக்கையோடு கேட்கும்போது தப்பு என்று சொல்லி முகத்தில் அடிக்க யாருக்கு மனசு வரும்? வருகிற ஒரே ஆள் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேருந்து கடற்கரையில், கருவாடு காயவைக்கிற களத்தில் போய் நின்றது. நாங்களும் இறங்கினோம். வந்த இடத்தைப் பழிக்கக் கூடாது என்று சுற்றிப் பார்த்தோம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஜுமாலி, “இதுவும் ஒருவகையில் நம்ம சரித்திரம்தான்” என்றார். மீனவர்கள் அன்பாகக் கூப்பிட்டதால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டோம். மிச்சப் பயணம் முழுக்க அந்தப் பேருந்துக்குள் எப்படி மூச்சு விட்டோம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

“நல்ல கடல்காத்து,” என்றார் ரெத்னானிங்சி, கைக்குட்டையை மூக்கருகில் வைத்தபடி.

“சரிங்க,” என்றார் அக்கா.

பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மரச் சிராய்களைச் சேர்த்துக் கட்டி ஒரே ராத்திரியில் எழுப்பியதாகச் சொல்லும் தூண் அங்கே இருக்கிறது. வருஷா வருஷம் அதன் கதையை அக்காதான் சொல்வார், வெளித் திண்ணைவரை கேட்கும். இந்தத் தடவை அங்கிருந்த பொறுப்பாளர் சட்டைப் பொத்தானோடு பேசுவதுபோல எதையோ சொல்லி முடித்தார். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டினோம்.

மறுநாள் குதுஸில் இன்னும் மோசம். கோபுரத்தைச் சுற்றி அன்று வந்திருந்த கூட்டங்களில் பாதி எங்கள் சாம்பல் நீலம்தான். எங்கள் பெண்களில் இரண்டு பேர் வேறு ஊர்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பேருந்துக்காரர்களும் ‘நீங்க யாரு’ என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று சிற்றுண்டி கொடுத்துக்கொண்டே பயணத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் பிடித்துக் கூட்டிவந்தோம். மதியம் சாப்பாட்டுக் கடையில் எங்களுக்கென்று சொல்லி வைத்திருந்த எருமைக்கறி சூப்பை எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். நாங்கள் ‘எங்களுக்கும் பெரிசாப் பசியில்லை’ என்று வெறும் தேநீரைக் குடித்தோம்.

அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். சந்தையில் அந்த வாயைப் பார்த்து நடுங்காத கடைக்காரன் இல்லை. இப்போது பசித்த ஐம்பது பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கரண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். எனக்கு வெனிங்மேல் கோபம் கோபமாக வந்தது. அவளும் தன் தேநீரைத் தொடாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் கோபத்தைக் காட்ட முடியவில்லை.

அக்கா என் காதில் கிசுகிசுத்தார். “அந்தம்மா என்ன நெனைக்கறாங்க? உனக்கு எதாவது தெரியுதா?”

நான் இரண்டு நாளாக அந்த முகத்தையே படித்துக்கொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட துணியில் எதைப் படிப்பது? “தெரியலக்கா,” என்றேன்.

மூரியா மலையில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சமாதியில் வெனிங் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன வேண்டினாள் என்று சொல்லத் தேவையில்லை.

திரும்புகிற நாள், மதியச் சாப்பாடு முடிந்து சுங்கச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். நேரான சாலை, உச்சி வெயில், வயிறு நிறையச் சோறு. கியோனோவின் தலை முன்னால் விழுந்தது. சட்டென்று நிமிர்ந்தது. மறுபடி விழுந்தது.

முதல் வரிசைக்காரர்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம். ஜுமாலி வாத்தியார் தொண்டையைச் செருமினார். இன்னொருவர், “ஓட்டுநரண்ணே, இஞ்சி மிட்டாய் சாப்பிடறீங்களா?” என்று கேட்டார். கியோனோ “சரிங்க” என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் யாரோ பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். அதுவும் தாலாட்டு மாதிரியே இருந்தது. வாத்தியார் ஜன்னலைப் பார்த்து, “இன்னிக்கு வெயில் யாரையும் கண்ணயர வெச்சிடும்” என்றார். ஒருவராவது ‘தூங்காதே’ என்று சொல்ல வேண்டுமே! அறுபது வயது மனிதரை, எல்லோர் முன்னாலும், நீ தூங்குகிறாய் என்று எப்படிச் சொல்வது?

முன்கம்பியைப் பிடித்திருந்த ரெத்னானிங்சியின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. சாப்பாட்டுக் கடையை விட்டதில் இருந்தே அவர் கால்மேல் கால் போட்டு மாற்றிக்கொண்டிருந்தது வேறு எனக்குத் தெரியும். “ஐயா,” என்றார், பூவைத் தொடுவதுபோல ஒரு குரலில், “இந்தப் பக்கம் ஓய்வெடுக்க நல்ல இடங்கள் இருக்கும்போல.”

“சரிங்கம்மா,” என்றார் கியோனோ, கண்ணைத் திறக்காமல்.

பேருந்து மெதுவாக இடதுபக்கம் இழுத்தது. முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா திரும்பி மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, உயிர்பயமும் இருந்தது. எந்தப் பக்கம் கெஞ்சினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“யோவ்!”

பேருந்தே குலுங்கியது. “வண்டிய நிறுத்துய்யா! தூங்கிட்டா ஓட்டுற? அம்பது உசுரு உன் கையில இருக்குன்னு தெரியுமா தெரியாதா? கண்ணத் தொற! ஸ்டியரிங்கத் திருப்பு! வலது பக்கம்! இன்னும்! ஆ, அப்படி. இப்ப மெதுவா ஓரங்கட்டு.”

லாரியின் பின்பக்கம் எங்கள் ஜன்னலை ஒட்டிப் போயிற்று. அக்கா ஓட்டுநரின் தோளில் கையை வைத்தபடியே, இளைப்பாறும் இடம் வரும்வரை அவர் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார். நின்றதும் சாவியைப் பிடுங்கினார்.

“நீ போய்ப் பின்சீட்டுல படு. எழுந்திருச்சு காப்பி குடிச்சிட்டுத்தான் ஸ்டியரிங்கத் தொடணும்.” எங்கள் பக்கம் திரும்பினார். “நீங்க அத்தன பேரும் மனுஷங்கதானா? கண்ணு முன்னாடி தூங்கறான், மிட்டாய் கொடுக்கறீங்க, பாட்டுப் பாடறீங்க! செத்தா பொணத்துக்கிட்டயும் சரிங்கன்னு சொல்லுவீங்களா? எல்லாரும் எறங்குங்க. அந்தக் கருவாட்டத் தூக்கி வெளிய வைங்க, நாத்தம் தாங்கல. ஒண்ணுக்குப் போறவங்க மொதல்ல போங்க, அடக்கிக்கிட்டு உக்காராதீங்க!”

முதலில் இறங்கி ஓடியவர் ரெத்னானிங்சி அம்மாள். அரண்மனைப் பரம்பரை அவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு அக்கா தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். “போச்சு மூர்சி,” என்றார். “பெத்த பொண்ணு மூணு நாளு கேட்டா. முடிக்கப் போற நேரத்துல கெடுத்துட்டேன்.” அவர் கண்ணில் தண்ணீரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? வெனிங் ஒரு தூணருகில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் சுற்றிலும் நின்று தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட எங்களைப் பார்க்கவில்லை, எல்லோருடைய காதும் எங்கள் பக்கம்தான் இருந்தது.

ரெத்னானிங்சி திரும்பி வந்தார். எதிரில் உட்கார்ந்தார். ஒரு கோப்பை வாங்கினார். ஒரு வாய் குடித்தார்.

“இங்க தேநீர் கொஞ்சம் காட்டமா இருக்கு,” என்றார்.

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காட்டம் என்றால் அக்காவையா சொல்கிறார்? கொஞ்சம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்றா? இங்கே என்றால் இந்தக் குடும்பத்தையா? வாத்தியார் கண்ணை மூடி யோசித்தார். வெனிங் அழுகையை நிறுத்திவிட்டாள்.

அக்கா நிமிர்ந்தார். கெடுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

“அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தேநீர்ப் பேச்செல்லாம் எனக்குப் புரியாது. நான் இப்படித்தான். இந்த மூணு நாளு நீங்க பாத்தது நான் இல்ல. இப்ப பேருந்துல கேட்டீங்களே, அதுதான் நான். என் பொண்ணு உங்களுக்கு வேணுமா, வேணாமா?”

யாரோ ஒருவர் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. இப்படி நேருக்கு நேர் கேட்பதைவிடக் கொல்வதே மேல் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

ரெத்னானிங்சி கோப்பையைக் கீழே வைத்தார். சத்தம் கேட்டது. அவருடைய குரல் மாறியிருந்தது. “என்னைப் பெண் கேட்டு வந்தப்போ, எங்கப்பா என்கிட்ட கேட்டாருங்க. நான் பேசாம நின்னேன். பேசாம நின்னா சம்மதம்னு அர்த்தமில்லையா? ரெண்டு குடும்பமும் கைகுலுக்கிட்டாங்க.” அவர் விரலால் கோப்பையின் விளிம்பைத் துடைத்தார். “எனக்குச் சம்மதம் இல்லீங்க. யாருமே ரெண்டாந்தடவை கேக்கல.”

அக்கா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு வேணும்,” என்றார் ரெத்னானிங்சி. “ஆனா உங்க பொண்ணக் கேளுங்க. எங்க வீட்டுக்கு வர்றதுல அவளுக்கு என்ன இஷ்டம்னு என் பையனும் கேக்கல, நானும் கேக்கல. நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க.”

அக்கா கேட்டிருக்கவில்லை. உலகத்தில் எல்லோரிடமும் நேராகப் பேசுகிற மனுஷி, பெற்ற பெண்ணின் அழுகையை மட்டும் பதிலாக எடுத்துக்கொண்டிருந்தார். “வெனிங், இங்க வா,” என்றார். குரல் தணிந்திருந்தது.

அவள் வந்தாள். தலை குனிந்திருந்தது. “சொல்லு. வேணுமா?”

வெனிங் பேசவில்லை. எங்கள் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். வாத்தியார் எழுந்து, “மௌனமே சம்மதம், அல்ஹம்துலில்லா” என்று கையை நீட்டப் போனார்.

“நீங்க உக்காருங்க வாத்தியாரே,” என்றார் அக்கா. “அவ வாயில இருக்கு சம்மதம். நீங்க எடுத்துத் தர வேணாம். வெனிங், எத்தன நேரமானாலும் நான் இருக்கேன்.”

ஒரு பேருந்து வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், அது போயிற்று. வெனிங் நிமிர்ந்தாள். முகம் அழுகையில் வீங்கியிருந்தது.

“அவரு வேணும்,” என்றாள். “சோலோவுக்கு வந்து குடியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்த விட மாட்டேன். அங்க வந்தா எனக்கு மூச்சு முட்டும். இத நான் அவருகிட்டகூட சொல்லல. சொன்னா போயிடுவாரோன்னு பயமா இருந்துச்சு.” பேசப் பேசச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கடைசி வார்த்தைகள் சாலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். சொல்லி முடித்ததும் அவளே பயந்துபோய்த் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா மகளைப் பார்த்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்தார். “காதுல விழுந்துச்சுங்களா?”

“விழுந்துச்சு,” என்றார் ரெத்னானிங்சி. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்து வெனிங்கின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “அந்தக் கைய வாயில இருந்து எடும்மா.”